விசாலாக்ஷி துருத்தி பூட்டிய பெட்டி

மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்னால் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த தெருவில் விசாலாக்ஷி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ரேடியோ மாமி வீடு என்று கேட்டால் போதும். கையைப் பிடித்து வாசலிலேயே கொண்டுவிட்டு, தங்கள் வீட்டு ரேடியோவுக்கு என்ன கேடு என்பதையும் உங்களிடமே சொல்லியனுப்புவார்கள்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. எழுபத்து நாலில் எர்ணாகுளத்தில் ரேடியோ பூட்டுகிற கம்பெனி ஒன்று பெண்களை வேலைக்கு எடுத்தது. கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து வந்த புதிது. வெறுமனே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மடியில் சோற்றுப் பாத்திரத்தோடு போட் ஏறிய விசாலாக்ஷி, கம்பெனி அந்தப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றும்வரை அந்தப் போட்டை விடவில்லை. மற்றப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுது பிரிந்தபோது, இவள் மட்டும் கம்பெனியிடம் கேட்டு ஒரு பழைய ஸால்டரிங் அயர்னை வாங்கிக்கொண்டு வந்தாள். அழுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அயர்ன் இருந்தால் பற்றவாவது வைக்கலாமே என்பது அவள் கணக்கு.

கம்பெனியில் சொல்லிக்கொடுத்தது ஒரு முறைதான். முதலில் கண்ணால் பார், பிறகு மோந்து பார், பிறகு தொட்டுப் பார், எல்லாம் ஆன பிறகுதான் கரண்ட். இந்த முறையை அவள் ரேடியோவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மீன்காரி விரட்டிய பூனை முதல் நாத்தனாருக்கு வந்த வரன் வரை எல்லாவற்றையும் அப்படித்தான் சோதித்தாள். வரனை மோந்து பார்த்தாளா என்று கேட்டால், பார்த்தாள். வெற்றிலை வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்ததைக் கண்டுபிடித்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றினாள்.

அவள் புருஷன் நாணு, பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் எடை பார்ப்பவர். பகலெல்லாம் தராசுமுன் நின்று தும்முவார். சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டால் வேறு ஆள். கும்பளங்கிக்காரர் பைலி நடத்திய கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரிக் குழுவில் அவர் ஆர்மோனியம். கோயில் உற்சவம், மாதா கோவில் பெருநாள், ஓணம், கல்யாணம் என்று எங்கே பந்தல் போட்டாலும் பைலியின் குழு போகும். குழுவோடு ஆர்மோனியப் பெட்டி போகும். பெட்டிக்குப் பின்னால் நாணு போவார். அது விசாலாக்ஷியின் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக்கொடுத்த பெட்டி. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவதா ஆர்மோனியமா என்று கேட்டபோது, நாணு வெட்கத்தை விட்டு ஆர்மோனியம் என்று சொன்னவர்.

ஆர்மோனியம் வாசிக்கிறவர்களுக்கு வலது கை பாட்டுக்கு, இடது கை காற்றுக்கு. நாணுவின் இடது கைக்குப் பெட்டி இல்லாவிட்டாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். போட்டில் உட்கார்ந்தால் பக்கத்துப் பலகையைத் தள்ளித் தள்ளி இழுக்கும். தூங்கும்போது விசாலாக்ஷியின் முதுகில் விசிறும். ஆரம்பத்தில் ஏதோ அன்பு என்று நினைத்துக்கொண்டாள். பிறகுதான் அது ஆதி தாளம் என்று தெரிந்தது.

கானமேளாவில் ஒரு வழக்கம் உண்டு. நாலைந்து பாட்டு முடிந்து கூட்டம் சூடேறியதும், தலைவர் மைக்கைப் பிடித்து ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார். கிட்டாரில் இன்னார், டிரம்ஸில் இன்னார், தபலாவில் இன்னார். பெயர் சொல்லப்பட்டவர் ஒரு சின்ன உருட்டு உருட்டிக் காட்டுவார், ஜனம் கைதட்டும். நாணுவுக்கு வருஷம் முழுக்கத் தும்மியதற்குக் கிடைத்த கூலியே அந்தக் கைதட்டல்தான்.

எண்பத்து மூன்று ஓணத்துக்குத் தோப்பும்படியில் கச்சேரி. நாணு வீடு திரும்பி, காலைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சாம்பாரில் உப்பு தூக்கல். விசாலாக்ஷிக்கே அது தெரியும். மனுஷர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்.

"ஏன்னா, சாம்பார் எப்படி இருக்கு?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

"நன்னா இருக்கு."

பத்து வருஷத்தில் அந்த மனிதர் அவள் சாம்பாரை ஒரு குறையும் சொல்லாமல் விழுங்கியதில்லை. "என்ன ஆச்சு, சொல்லுங்கோ" என்று தட்டை எடுக்காமல் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"பைலி எல்லார் பேரும் சொன்னான். என் பேரை விட்டுட்டான்" என்றார் நாணு. "மறந்திருப்பான். ஸாரமில்லை, போகட்டும்."

பைலி மறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, கொடுத்த காப்பியை ஆற்றி ஆற்றி நேரம் கடத்தினார். நல்ல மனுஷர், வாய் நிறையப் பாட்டும் கை நிறைய மோதிரமுமாக இருப்பவர். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நாணு சாமீ, கோபிக்க வேண்டா. இப்போ எல்லா ட்ரூப்பிலும் கரண்ட் ஆர்கன் வந்து. நம்ம ஆர்மோனியத்தை மைக்கில் சொன்னா ஜனம் சிரிக்குது, பஜனையா என்னு கேக்குது. தேவராவிலே ஒருத்தன் இருக்கான், அவன் சேட்டன் துபாயிலேருந்து ஆர்கன் கொண்டுவந்து கொடுத்திருக்கு. ஜனவரியிலே கும்பளங்கிப் பெருநாள். அதுக்கு முன்னே நீங்களும் ஒரு கரண்ட் பெட்டி கொண்டுவந்தா இடம் உங்களோடது. இல்லேங்கில்..." மிச்சத்தைக் காப்பியோடு விழுங்கினார்.

நாணு தலையை ஆட்டினார். துபாயில் அவருக்கு யாரும் கிடையாது. இருந்த ஒரே அண்ணா ஒலவக்கோட்டில் ரயில்வேயில் இருந்தார். அங்கேயிருந்து ஆர்கன் வராது.

பைலி போன பிறகு விசாலாக்ஷி காப்பி டம்ளரைக் கழுவி வைத்தாள். அவளுக்குக் கோபம் பைலிமேல்கூட இல்லை. இந்த மனுஷர் இனிமேல் சாயங்காலம் தோறும் சட்டை மாற்றாமல் உட்கார்ந்து, உப்பு அதிகமான சாம்பாரை நன்னா இருக்கு என்று சொல்லப்போகிறாரே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ரேடியோ சாமான் வாங்க அவள் வழக்கமாகப் போவது செல்லப்பாவின் கடைக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வேண்டாமென்று கழித்த சாமான்களை வாங்கி விற்பவர். கடை என்று சொன்னால் கடைக்கு அவமானம். ஒரு பழைய கிடங்கு, உள்ளே துருவும் எலியும். அன்று ஒரு மூலையில், கயிற்றுச் சுருளுக்கு அடியில், வெள்ளையும் கறுப்புமாகப் பல் தெரிந்தது.

"அது என்னது செல்லப்பா?"

"அதுவா மாமி? கப்பல் ஒயர்லெஸ்னு சொல்லி என் தலையில கட்டிட்டானுவ. பாத்தா ஆர்மோனியக் கட்டை இருக்கு, மேல முழுக்கத் திருகு இருக்கு. எந்தக் கழுதைக்குப் பொறந்ததுன்னு தெரியல. ரெண்டு வருசமாக் கெடக்கு."

ஏதோ வெளிநாட்டு உல்லாசக் கப்பலின் பாண்டுக்காரர்கள் விட்டுப்போனதாம். விசாலாக்ஷி முதலில் பார்த்தாள். கட்டைகளில் நாலு இல்லை. குமிழ்களில் பாதி இல்லை. கம்பெனிப் பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைதான் இருந்தது. குனிந்து மோந்து பார்த்தாள். உப்பு, எண்ணெய், கரப்பான்பூச்சி எல்லாம் மணத்தன. கருகின வாசனை மட்டும் இல்லை. அவளுக்கு அது போதும். செல்லப்பாவின் கடையில் ஊமையாகக் கிடந்த இரண்டு ரேடியோக்களைப் பேசவைத்துக் கொடுத்து, பதிலுக்கு அந்தப் பெட்டியை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

நாணு வாசலில் நின்று பார்த்தார். "என்னத்துக்காக்கும் இந்தக் குப்பை?"

"உங்க கரண்ட் ஆர்கன்" என்றாள்.

நாணு சிரித்தார். பைலி வந்து போன பிறகு முதல் சிரிப்பு. கேலிச் சிரிப்புதான். அதையும் அவள் லாபத்தில் வைத்துக்கொண்டாள்.

திறந்து பார்த்தால் உள்ளே கரப்பான் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தன. காலி செய்யவே ஒரு நாள் ஆயிற்று. பின்பக்கத்தில் நூற்றுப்பத்து வோல்ட் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், அவசரப்பட்டு நம்மூர்க் கரண்டில் சொருகாமல் இருந்ததற்குக் கம்பெனியின் முறைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். கரண்டைப் பாதியாக்கிக் கொடுக்கிற கப்பல் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் செல்லப்பாவின் எலிகளிடமிருந்து கிடைத்தது. காய்ந்துபோன கண்டென்சர்களைக் கழற்றிப் புதியவை பற்றவைத்தாள். சர்க்யூட் படம் கிடையாது. எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று அவளுக்குப் பாதி தெரியாது. ஆனால் ஒரே மாதிரி இரண்டு பகுதி இருந்தது, ஒன்றில் கெட்டது மற்றொன்றில் நன்றாயிருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சரிசெய்தாள்.

கட்டைகளுக்கு அடியில் ஒரு நீளக் கம்பி. கட்டையை அமுக்கினால் அதில் போய்த் தொட வேண்டும். கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. இதற்கு என்ன யோசனை, குத்துவிளக்குக்கு என்ன செய்வோமோ அதுதான் என்று புளியைக் கரைத்து நன்றாகத் தேய்த்தாள். கம்பி பளபளவென்று ஆகிவிட்டது. நாணுவைக் கூப்பிட்டுக் காட்டி, பக்கத்து வீட்டு அம்மிணியைக் கூப்பிட்டுக் காட்டி, பெருமையோடு போய்ப் படுத்தாள். காலையில் வந்து பார்த்தால் கம்பி முன்னைவிடப் பச்சை. புளியும் கடல் உப்பும் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாக வேலையைக் காட்டியிருந்தன.

"விளக்கா இருந்தா தினம் தேய்க்கலாம்" என்றார் நாணு. "கச்சேரி நடுவிலே எழுந்து புளி கரைக்க முடியுமோ?"

அவள் அவரை முறைத்துவிட்டு, வெந்நீரில் அலசி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெயிலில் காயவைத்து முதலிலிருந்து செய்தாள். இல்லாத கட்டைகளுக்குப் பலா மரத்தில் செதுக்கி வைத்தாள். குமிழ்கள் ரேடியோக்களிடமிருந்து வந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றில் அதன் பழைய சொந்தக்காரர் யாரோ இலங்கை என்று எழுதி வைத்திருந்தார்.

பெட்டி பேசிய அன்று தெருவே கூடிவிட்டது. நாணு ஒரு கட்டையை அமுக்கினார். நாகஸ்வரமும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் கனமாக ஒரு நாதம் வந்தது. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். நாணுவின் கண் கலங்கிவிட்டது. பிறகு ஆர்மோனியத்தில் செய்வதுபோல இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினார். ஒன்றுதான் பேசியது. மூன்றை அமுக்கினார். அப்போதும் ஒன்றுதான்.

விசாலாக்ஷியின் முகம் சுருங்கிப்போயிற்று. மறுபடி பெட்டியைத் திறந்தாள். எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்தாள், மூடினாள். ஒன்றுதான் பேசியது. இன்னொரு தடவை திறந்தாள். நான்காம் நாளும் திருப்புளியை எடுத்தபோது நாணு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அதற்குள் அந்தப் பெட்டியோடு தனியாக உட்கார்ந்து பழகியிருந்தார்.

"மதி, விசாலம், போதும். கேடு ஒண்ணும் இல்லை. பாடறவன் ஒரே நேரத்திலே ரெண்டு ஸ்வரம் பாடுவானோ? இது ஆர்மோனியம் இல்லை, பாட்டுக்காரன். இதோட குணமே இதாக்கும்."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கூடவே, நாலு நாளாக வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று எரிச்சலும் வந்தது.

இன்னொரு கேடு மட்டும் உண்மையான கேடு. பெட்டி சூடாக ஆகச் சுருதி நழுவியது. கம்பெனியில் ஒரே வேலையை இரண்டு பேராகச் செய்கிற டிரான்சிஸ்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். இதில் அப்படிப்பட்ட ஜோடிகளைக் கண்டுபிடித்து, முகத்தோடு முகம் ஒட்டி, மேலே தெர்மகோலில் ஒரு தொப்பியும் போட்டுவிட்டாள். சூடானாலும் சேர்ந்து சூடாகட்டும் என்றாள். அதன் பிறகு சுருதி கல்லாக நின்றது.

மார்கழி பிறந்ததும், விசாலாக்ஷியின் பழைய புடவையில் பெட்டியைச் சுற்றி, கும்பளங்கியில் பைலியின் வீட்டுக் கொட்டகைக்கு ஒத்திகைக்குக் கொண்டுபோனார்கள். பைலி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கம்பெனி எது சாமீ?"

"தகடு விழுந்துபோச்சு."

"ஜப்பானோ?"

"மட்டாஞ்சேரி" என்றாள் விசாலாக்ஷி.

பாட்டு தொடங்கியது. அங்கேதான் மானம் போயிற்று. வீட்டில் மெதுவாக வாசித்தபோது தெரியாதது, டிரம்ஸோடு சேர்ந்து ஓடியபோது தெரிந்தது. நாணுவின் வலது கை பாட்டில் இருக்க, வேலை இல்லாத இடது கை காற்றைத் தள்ளி இழுத்தது. போய்க் குமிழில் இடித்தது. சுருதி அலறியது. கையை மடியில் கட்டுப்படுத்தி வைத்தார். உடனே வலது கையில் தாளம் தவறியது. இடது கையின் மேல் உட்கார்ந்துகூடப் பார்த்தார். வலது கை விரல்கள் ஏதோ இன்னொருத்தருடையவைபோலத் தடுமாறின. அந்த மனிதரின் தாளமெல்லாம் அந்த இடது கையில்தான் இருந்தது. காற்றடிக்காமல் அவருக்குப் பாட்டு வராது.

பைலி பாதியில் நிறுத்தினார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கு சாமீ. ஒருக்கக்கூடி, இன்னொரு தடவை, ஒத்திகை பாக்கலாம். முடியலேங்கில் தேவராக்காரனைக் கூப்பிடாம வேற வழியில்லை."

திரும்பி வருகிற போட்டில் நாணு மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். "நீ இத்தனை பாடுபட்டே" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். அவருடைய இடது கை பெட்டியின் பக்கவாட்டைத் தள்ளித் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தது. தோல்வியில்கூட அந்தக் கைக்கு ஓய்வு இல்லை. விசாலாக்ஷி அதைப் பார்த்தாள். அக்கரை வரும்வரை பார்த்தாள்.

"ஏன்னா, அந்தக் கையை ஏன் நிறுத்தணும்?" என்றாள் ஜெட்டியில் இறங்கும்போது. "அதுக்கு ஒரு வேலை கொடுத்துட்டா என்ன?"

பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. திருப்பினால் நாதம் வாயைத் திறப்பதுபோல விரியும், எதிர்ப்பக்கம் திருப்பினால் மூக்கைப் பிடித்தாற்போல் அடங்கும். ரேடியோவில் ஸ்டேஷன் முள்ளை நகர்த்துவது ஒரு மெல்லிய நூல். குமிழில் சுற்றி, கப்பியில் ஓட்டி, ஸ்பிரிங்கில் கட்டியிருப்பார்கள். அந்த நூலை இந்தக் குமிழில் சுற்றி, மறுமுனையைத் துருத்தியில் கட்டிவிட்டால் நாணு காற்றடிக்க அடிக்க நாதம் திறக்கும். யோசனை பிரமாதம் என்று நாணுவும் ஒத்துக்கொண்டார். துருத்திதான் வேண்டும். அது வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

இரண்டு நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஆர்மோனியம் அவருடைய உயிர், அதில் எப்படிக் கத்தி வைப்பது என்று தயங்கினாள். அவரும் பேசவில்லை. அது அவளுடைய அப்பா கொடுத்தது, அதை எப்படி உடைக்கச் சொல்வது என்று தயங்கினார். பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் மண்டியிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஆர்மோனியத்தைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தார். திருப்புளியையும் பக்கத்தில் வைத்தார்.

"உங்கப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"மோதிரம் போட்டிருக்கலாம்னு சொல்லியிருப்பார்" என்றாள்.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அவள் கொஞ்சம் அழுதாள், அவர் முதல் திருகைக் கழற்றினார்.

முதலில் ஆர்மோனியத்தைப் பெட்டியோடு சேர்த்துப் பூட்டி, நூலை வெளித்துருத்தியில் கட்டினாள். நாணு ஒரு தள்ளு தள்ளினார், பெட்டி குவாக் என்றது. இன்னொரு தள்ளு, இன்னொரு குவாக். வேகமாக வாசித்தால் வேம்பநாட்டு வாத்துக் கூட்டமே வீட்டுக்குள் நடந்து போயிற்று. அம்மிணி ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து, "மாமி, தாராவு வளர்க்கறேளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தாராவு என்றால் வாத்து. விசாலாக்ஷி காதில் வாங்காமல் ஆர்மோனியத்தின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்மோனியத்தில் துருத்தி இரண்டு. வெளியே கையால் அடிக்கிறது ஒன்று. உள்ளே அந்தக் காற்றை வாங்கி வைத்துக்கொண்டு சீராகக் கொடுக்கிறது இன்னொன்று. வெளியே இருப்பது பதறும், உள்ளே இருப்பது பொறுமைசாலி. நூலை அவிழ்த்து உள்துருத்தியில் கட்டினாள். ரீடுகளை எல்லாம் கழற்றித் துணியில் முடிந்து வைத்துவிட்டு, காற்று மெல்ல வெளியேற ஒரு ஓட்டையை மட்டும் விட்டாள். இப்போது நாணு அடித்தால் உள்துருத்தி நிதானமாக மேலேறியது, விட்டால் நிதானமாக இறங்கியது. அதோடு சேர்ந்து நாதமும் ஏறி இறங்கியது.

நாணு ஒரு பாட்டை எடுத்தார். இடது கைக்கு வேலை கிடைத்துவிட்டது. தாளம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. பாட்டு நடுவில் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் பெட்டியும் மூச்சு வாங்கியது. ஜன்னலில் மறுபடி வந்து நின்ற அம்மிணி இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து நின்றாள்.

இரண்டாம் ஒத்திகையில் பைலி முதல் பாட்டிலேயே பாடுவதை நிறுத்திவிட்டார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, துருத்தியைத் தொட்டு, நூலைத் தொட்டு, இலங்கைக் குமிழைத் தொட்டுப் பார்த்தார். "எந்தா சாமீ இது, கரண்டுக்கு நெஞ்சு வச்சிருக்கீங்களா?" என்றார். "தேவராக்காரனுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடறேன், அடுத்த வருஷம் பாக்கலாம்னு."

பெருநாள் அன்று கும்பளங்கி முழுக்கத் தோரணம். மாதா கோவில் முற்றத்தில் மேடை. வெளிச்சம் மங்கி, காயலில் சீனவலைகள் இருட்டத் தொடங்குகிற நேரத்தில் பாட்டு ஆரம்பமாயிற்று. விசாலாக்ஷி அம்மிணியோடு பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு எதுவும் அவள் காதில் விழவில்லை. தொப்பி போட்ட டிரான்சிஸ்டர்கள் சூடு தாங்குமா, நூல் அறுந்துவிடுமா, புளி பட்ட கம்பி மறுபடி பச்சை பூக்குமா என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நூல் அறவில்லை. நாணு அடித்தார், வாசித்தார், ஒரு இடத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டார். பெட்டி தனியாகப் பாடுகிற இடம் ஒன்று வந்தபோது பட்டாசுக் கடைக்காரர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள்.

அந்தப் பாட்டு முடிந்ததும் பைலி மைக்கைப் பிடித்தார். அறிமுகம். விசாலாக்ஷி அம்மிணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்டார், வரீத்!" கைதட்டல். "டிரம்ஸ், ஔசோ!" கைதட்டல், ஒரு உருட்டு. "தபலா..." அதுவும் ஆயிற்று. பைலி நாணுவின் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. ஆர்மோனியம் என்று சொன்னால் பஜனை என்பார்கள். ஆர்கன் என்று சொல்லலாம் என்றால் ஆர்கனுக்குத் துருத்தி ஏது? மைக்கைக் கையால் மூடிக்கொண்டு நாணுவிடம் குனிந்து என்னவோ கேட்டார். நாணு ஒரு நொடி பெட்டியைப் பார்த்தார். பெயர்த் தகடு இருந்த அந்த இரண்டு ஆணி ஓட்டையைப் பார்த்தார். பிறகு பைலியின் காதில் ஒரு வார்த்தை சொன்னார்.

பைலியின் முகம் மலர்ந்தது. மைக்கை எடுத்து, கும்பளங்கி முழுக்கக் கேட்கும்படி முழங்கினார்.

"விசாலம்... நாணு சாமி!"

நாணு இடது கையால் துருத்தியை ஒரு அடி அடித்து, வலது கையை ஓடவிட்டார். கைதட்டல் காயலைத் தாண்டிப் போயிற்று.

விசாலாக்ஷிக்கு முதலில் வந்தது கோபம். வீட்டுக்குள் ஒரே ஒரு மனுஷர் கூப்பிடுகிற பெயர். அதைக் கொண்டுபோய் ஒலிபெருக்கியில், ஊர்ப் பெருநாளில், இத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில்! காது, கழுத்தெல்லாம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த இடத்தில் கண்ணீர் பாயில் விழுந்தது. அது கோபம் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மாமி" என்றாள் அம்மிணி ஆச்சரியம் தாங்காமல், "அது உங்க பேரில்லையோ?"

விசாலாக்ஷி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லைடி" என்றாள். "அது பெட்டியோட பேரு."

மறுநாள் சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. நாணு ஒரு வாய் போட்டுக்கொண்டு, புளி போதாது என்றார்.